நொங் வா என்ற பெயரில் இரண்டு ஊர்கள்

ஒரு வியாழக்கிழமை காலை, ஒஸ்லோவில் ஒரு மேசைக்கு முன்னால் நின்றபடி, தாய்லாந்து எல்லையில் இருந்த ஒரு ஊரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரும்ப வைக்க ஐந்து வாரம் பிடித்தது. வரைபட வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் மென்பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் இந்த ஐந்து வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரிடம் படம் கீறப் பழகியவன் நான். எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தேன். வடக்கே ஹம்மர்பெஸ்டில் ஆறு வருடம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, மொழி படித்து, கணினியில் வரைபடம் செய்யும் படிப்பை முடித்து, பன்னிரண்டு பேர் வேலை செய்த ஒரு சிறிய கந்தோரில் சேர்ந்தேன். கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சி சபைகளுக்குத் தண்ணீர்க் குழாய்ப் படங்கள் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒரே இடத்தில் இருந்து வேலை செய்ய எனக்கு ஒருபோதும் முடிந்ததில்லை. ஒரு மணித்தியாலத்தில் நாலு தரம் எழும்பி நடப்பேன். மீன் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்த பழக்கமாக இருக்கலாம், என் சுபாவமாகவும் இருக்கலாம்.

எங்கள் தலைவி ராக்ன்ஹில்ட். ஐம்பது வயதிருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு விஷயம் பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். தரவுத்தள வேலைக்கு வித்யா என்ற கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள். வேலை விசாவில் வந்து ஒரு வருடம் ஆகவில்லை. முதலில் என்னை 'சார்' என்றாள். அண்ணை என்று கூப்பிடும் என்றேன். கடைசியில் 'அண்ணா'வில் வந்து நின்றது. அவள் "மேடம் உங்ககிட்ட பேசணும்னாங்க" என்று வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒருமுறை இடிக்கும். எங்கள் பக்கத்தில் பேச்சு என்றால் ஏச்சு.

2000-களின் நடுப்பகுதியில் எங்களுக்கு ஒரு புது வேலை வந்தது. மிதிவெடி அகற்றும் ஒரு உதவி நிறுவனம், தாய்லாந்து கம்போடிய எல்லையில் உள்ள ஒரு தம்பொனுக்கு ஆபத்துப் படம் செய்து தரக் கேட்டது. தம்பொன் என்பது பத்துப் பன்னிரண்டு கிராமங்கள் சேர்ந்த ஒரு சிறு நிர்வாகப் பிரிவு. அந்தத் தம்பொனின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே உள்ளவர்களுக்கு இன்றைக்கும் அது பழைய கதை இல்லை.

பட்டியலில் இரண்டு வரி

நான் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. ஆனால் மூன்று மாதம் அதற்குள்தான் இருந்தேன். வடக்கிலிருந்து தெற்கே நிலம் மெல்ல ஏறுகிறது. நடப்பவருக்கு ஏறுவது தெரியாது. தெற்கு எல்லையில் அது திடீரென்று அறுந்து விழுகிறது. கீழே, பெரிய பள்ளத்தில், கம்போடியா. மேலே இருந்து பார்த்தால் சமவெளியின் முடிவு, கீழே இருந்து பார்த்தால் ஒரு சுவர். ஓடைகள் எல்லாம் எல்லைக்கு முதுகைக் காட்டி வடக்கே ஓடுகின்றன. பாறை விளிம்பில் அங்கங்கே வெடிப்புகள் உண்டு. ஏறுவதும் இறங்குவதும் அவற்றின் வழியாகத்தான். பழைய படத்தாள்களில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பெயர் இருந்தது.

அங்கோர்க் காலத்துக் கற்கோயில் ஒன்று இடிந்த நிலையில் ஒரு பாதையோரம் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்தப் பாதை எங்கள் எல்லைக்கோடுகளைவிட மிகப் பழையது. கிராமத்தவரில் பாதிப்பேருக்கு வீட்டில் கெமர் மொழி, மீதிப்பேருக்கு லாவோ. அவர்களில் பலருடைய பெற்றோர் காடு வெட்டி மரவள்ளி நட வந்தவர்கள். எழுபதுகளின் கடைசியில் பள்ளத்துக்குக் கீழே போர் மூண்டபோது, சனம் வெடிப்புகள் வழியாக மேலே ஏறி வந்தது. பின்னால் ஆயுதங்களும் ஏறின. ஷெல் விழுந்தது. ஒவ்வொரு தரப்பும் தன் பாதுகாப்புக்கு மிதிவெடி புதைத்தது. எங்கே புதைத்தோம் என்று ஒரு தரப்பும் படம் கீறி வைக்கவில்லை.

எங்களிடம் மூன்று பொருட்கள் இருந்தன. ஒன்று, போருக்கு முந்திய இராணுவப் படத்தாள்கள். இரண்டு, மாவட்டக் கந்தோர் ஜி.பி.எஸ். கருவியால் அளந்து தந்த புதிய ஊர்ப் பட்டியல். மூன்று, களக் குழு வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பிய விபத்துப் படிவங்கள். 'நொங் வாவுக்குத் தெற்கே இரண்டு கிலோமீற்றர், ஓடைக்கரை, மாடு ஒன்று, ஆள் ஒருவர்.' படிவங்கள் இப்படித்தான் இருக்கும். வித்யா எழுதிய கணினி நிரல் ஊர்ப்பெயரைப் பட்டியலில் தேடி, அந்தப் புள்ளியிலிருந்து தூரத்தையும் திசையையும் எண்ணி, அங்கே ஒரு சிவப்பு வட்டம் போடும்.

பழைய படத்தாளும் ஜி.பி.எஸ். கருவியும் வெவ்வேறு அடிப்படையில் இடத்தைக் கணக்கிடுபவை. அதனால் ஒரே ஊர் திரையில் நானூறு ஐந்நூறு மீற்றர் தள்ளி இரண்டு புள்ளிகளாக விழும். பழைய புள்ளியை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம். அந்த வாரம் இருபதுக்கு மேல் இப்படி எடுத்திருந்தோம். வியாழக்கிழமை காலை நான் கோப்பி எடுக்க எழும்பியபோது வித்யா கூப்பிட்டாள்.

"அண்ணா, நொங் வான்னு இன்னொரு டூப்ளிகேட். அதே ஸ்பெல்லிங். பழசை டெலிட் பண்ணிடவா?"

திரையில் இரண்டு வரி தெரிந்தது. ஒரே பெயர். இரண்டுக்கும் இடையிலான தூரம் வலது பக்கக் கடைசிப் பத்தியில் இருந்தது. அதைப் பார்க்கத் திரையை நகர்த்த வேண்டும். நான் நகர்த்தச் சொல்லவில்லை.

"ஓம், எடுத்துவிடும்," என்று சொல்லிவிட்டுக் கோப்பிக்குப் போனேன்.

ஒரு நல்ல மனிதர் செய்த திருத்தம்

முதல் படத்தை அனுப்பி இரண்டு வாரத்தில் களத்திலிருந்து கடிதம் வந்தது. களக் குழுத் தலைவர் கவனமான ஆள். நொங் வாவுக்குத் தெற்கே நாங்கள் சிவப்பாகக் காட்டிய இடம் முழுவதும் நெல் வயல், பல வருடமாக உழுகிறார்கள், ஒரு வெடியும் வெடித்ததில்லை, சிவப்பை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். நான் மகிழ்ந்துபோனேன். சிவப்பைக் குறைப்பதுதானே எல்லோருக்கும் விருப்பம். எடுத்தேன். அந்த இடமும், அதற்குத் தெற்கே பாறை விளிம்பு வரைக்கும் உள்ள காடும் வெள்ளையாகிவிட்டன. வெள்ளை என்றால் சந்தேகம் இல்லை என்று பொருள்.

திருத்திய படத்தை வைத்துக்கொண்டு அந்தத் தம்பொனில் ஒரு கூட்டம் நடக்க இருந்தது. வெள்ளைப் பகுதியில் முன்பு காணி வைத்திருந்தவர்களுக்கு அவற்றைத் திருப்பிக் கொடுப்பதாக முடிவு. மழைக்கு முன் பற்றைக்காட்டை வெட்டி உழுதால் அந்த வருடமே மரவள்ளி நடலாம். அதைப் படித்தபோது எனக்கு வேறு ஒரு சந்தோஷமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடும் காணியும் அந்த நாட்களில் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்தன. சமாதான காலம் என்று பெயர். தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், விடப் போகிறார்களாம், விடவில்லையாம் என்று மாறி மாறிச் சொல்வாள். உலகத்தில் எங்கேயாவது ஒருவருக்குக் காணி திரும்பக் கிடைக்கிறதே என்று நினைத்தேன்.

கன்டீன் மேசை

கடைசிப் பதிப்பின் நிறங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க, பெரிய தாளைக் கீழ்த் தளத்துக்குக் கொண்டுபோய், கட்டடத்துக்கே பொதுவான கன்டீனின் நீள மேசையில் விரித்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அங்கே வேலை செய்த நொய் என்ற தாய்லாந்துப் பெண் துணியோடு மேசை துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். ஒரு நோர்வேக்காரரைக் கட்டி, ஒஸ்லோவின் கரையில் வெஸ்ட்லி என்ற இடத்தில் இருந்தார். நாலு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். ஹாய், நன்றி, இந்த இரண்டைத் தவிர அவரோடு நான் வேறொன்றும் கதைத்ததில்லை. தாய்லாந்தில் எந்த ஊர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அதை இன்றைக்கும் என் குறையாகத்தான் நினைக்கிறேன்.

படத்தில் ஊர்ப்பெயர்கள் தாய்லாந்து எழுத்தில் இருந்தன. அவர் துணியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். பிறகு, தான் பிறந்தது இந்தத் தம்பொனில்தான் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். நொங் வாவில் விரலை வைத்தார். வைத்தவர் அதைத் தெற்கே, பாறை விளிம்புப் பக்கமாக, இழுத்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில். இருவருக்கும் அது சொந்த மொழி இல்லை. என் காதுக்கு வந்தபடி எழுதுகிறேன்.

"இஞ்சை ஏன் சிவப்பு இல்லை?" என்று கேட்டார்.

அங்கே ஆபத்து ஒன்றும் இல்லை என்று அர்த்தம், என்றேன்.

"என்ரை அக்காவின்ரை மனிசன் இஞ்சைதான் செத்தவர்."

மேசை துடைக்கும் துணியிலிருந்து தண்ணீர் தாளில் சொட்டியது. அதை இருவரும் துடைக்கவில்லை. நொங் வா முன்பு பாறை விளிம்புக்குக் கிட்டத்தான் இருந்தது என்றார் அவர். தனக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஷெல் விழுந்த காலத்தில், இராணுவ லொறிகளில் ஏற்றி ஊர் முழுவதையும் வடக்கே பெருந்தெருக் கரைக்குக் கொண்டுவந்தார்களாம். நேர் கோட்டில் வீடுகள் போட்டுக் கொடுத்தார்களாம். ஊர் மாறியது, பெயர் மாறவில்லை. நொங் என்றால் குளம், வா என்றால் நாவல் மரம் என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் படத்தைப் பார்த்தேன். பெருந்தெருக் கரையில் இருந்த நொங் வாவைச் சுற்றி ஒரு குளமும் இல்லை.

மாடிக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மின்தூக்கிக்குக் காத்து நிற்க முடியவில்லை. வித்யாவிடம் அழித்த வரியைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். இந்த முறை கடைசிப் பத்திக்குப் போனோம். ஏழு கிலோமீற்றர்.

படிவத்தில் பதில் சொன்ன கிழவர்கள் 'நொங் வாவுக்குத் தெற்கே' என்றபோது பழைய நொங் வாவைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். அந்த விபத்துகள் நடந்தபோது வேறு நொங் வா இருக்கவில்லை. எங்கள் நிரல் அவற்றைக் கொண்டுபோய் நெல் வயலில் போட்டது. களத் தலைவர் அதை நியாயமாகவே நீக்கச் சொன்னார். உண்மையில் வெடி இருந்த இடம் படத்தில் வெள்ளையாகக் கிடந்தது.

யாருடைய பெயர்

ராக்ன்ஹில்டிடம் போனேன். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கன்டீனில் வேலை செய்யும் ஒருவர் சின்ன வயது ஞாபகத்தில் சொன்னதை வைத்து, அந்த நாட்டின் மாவட்ட நிர்வாகம் ஏற்றுக்கொண்ட படத்தை நிறுத்தச் சொல்ல முடியாது என்றார். ஏழு கிலோமீற்றர் வித்தியாசம் பழைய படத்தாளின் பிழையாகவும் இருக்கலாம். எழுத்தில் ஒரு ஆதாரம் கொண்டு வா, உடனே தொலைபேசி எடுக்கிறேன் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலை கன்டீனுக்குப் போனேன். நொய் என் முகத்தைப் பார்க்கவில்லை. தான் சொன்னது பிழையாக இருக்கலாம், அப்போது தான் சின்னப் பிள்ளை, தன்னை விட்டுவிடுங்கள் என்றார். பின்னேரமும் போனேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டார். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பழைய படத்தாளை விரிப்பேன், சுருட்டுவேன். பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் அந்தப் பிரதேசத்தின் வேறு பதிப்பு இருக்கிறதா என்று தேடினேன். ஒன்று கிடைத்தது. அதிலும் நொங் வா விளிம்புக்குக் கிட்டத்தான் இருந்தது. ஆனால் ஊரைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை.

இதற்கிடையில் ராக்ன்ஹில்ட் கணினிப் பதிவைப் பார்த்திருக்கிறார். எந்த வரியை, யார், எத்தனை மணிக்கு அழித்தார்கள் என்று அதில் இருக்கும். அழித்தது வித்யாவின் கணக்கிலிருந்து. வித்யாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

வித்யா திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தாள். கை விசைப்பலகையில் இருந்தது, ஒன்றும் தட்டவில்லை. மெதுவாகக் கேட்டேன்.

"நான் எதுவும் சொல்லலை அண்ணா. நீங்க சொன்னீங்கன்னும் சொல்லலை," என்றாள். "ஆனா என் பர்மிட் இந்த கம்பெனி பேர்லதான் இருக்கு. அதை மட்டும் நினைச்சுக்குங்க."

அந்தச் சொல்லில் கோபம் இருக்கவில்லை. அதனால்தான் எனக்கு அது கூடுதலாகச் சுட்டது. அவள் வெளியே வந்து கால் மணித்தியாலம் இருக்கும். அந்தக் கால் மணித்தியாலம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னது வேறு யாருக்கும் கேட்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. இரண்டு பிள்ளைகள். ஐம்பதை நெருங்கும் ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு ஒஸ்லோவில் இன்னொரு வரைபடக் கந்தோர் கிடைக்காது. இத்தனையும் நினைத்த பிறகுதான் எழும்பிப் போனேன்.

அந்த வரியை எடுக்கச் சொன்னது நான், தூரத்தைப் பார்க்காமல் சொன்னேன், வித்யா கேட்டுத்தான் செய்தாள் என்றேன். ராக்ன்ஹில்ட் கண்ணாடியைக் கழற்றவில்லை. எழுதித் தா என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் என் கோப்பில் நான் ஓய்வு பெறும் வரைக்கும் இருந்தது.

வெஸ்ட்லி

வெள்ளிக்கிழமை மத்தியானம் நொய் எங்கள் மாடிக்கு வந்தார். நாலு வருடத்தில் அவர் அங்கே ஏறியது அதுதான் முதல் தரம். ஏப்ரன் இல்லாமல் வந்தபடியால் எனக்கு ஒரு கணம் ஆளைத் தெரியவில்லை. நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள், இங்கே வேண்டாம் என்று விலாசம் எழுதிய துண்டைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

நான் இருந்தது பியோர்ண்டாலில். நகரத்தின் தெற்குக் கரையிலிருந்து வடகிழக்குக் கரைக்கு, பஸ் மாறி, மெட்ரோ மாறி, கடைசித் தரிப்பு வரைக்கும் போனேன். வெஸ்ட்லியில் ஏழாவது மாடி. கணவர் கடைக்குப் போயிருந்தார். நொய் தேநீர் வைக்க முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார்.

கன்டீனில் படத்தைப் பார்த்த அன்றே தம்பிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அவர்களுடைய காணி பழைய நொங் வாவில், குளத்துக்குப் பக்கத்தில். அப்பா வெட்டித் திருத்திய காணி. இருபது வருடத்துக்கு மேல் அதில் கால் வைக்க விடவில்லை. இப்போது வெள்ளையாகிவிட்டது, திருப்பித் தருகிறார்கள், தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். நொய் வாயைத் திறந்தால் அது திரும்பச் சிவப்பாகிவிடும். வெடி இருந்தாலும் இத்தனை வருட மழையில் துருப்பிடித்துப் போயிருக்கும், நோர்வேயில் சுகமாக இருக்கிற உனக்கு இதில் என்ன என்று கேட்டிருக்கிறான்.

"அவன் கேட்டது சரிதானே எண்டு ரெண்டு நாள் நினைச்சனான்," என்றார் நொய். "அவனுக்கு அப்ப மூண்டு வயசு. அத்தானைத் தூக்கிக்கொண்டு வந்ததை அவன் காணேல்லை. நான் கண்டனான்."

எங்கள் காணியைச் சுற்றியிருந்த கம்பியை யாராவது அகற்றி, போய் இரு என்று சொன்னால், அங்கே வெடி கிடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்வதை நான் விரும்புவேனா? அவருடைய தம்பியில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கொண்டுபோன வெள்ளைத் தாளையும் பென்சிலையும் மேசையில் வைத்தேன்.

படத்தாளை அவருக்குக் காட்டவில்லை. பார்த்துவிட்டுக் கீறினால் அது ஆதாரம் ஆகாது. ஞாபகத்தில் இருப்பதை மட்டும் கீறுங்கள் என்றேன். அவர் தாளின் மேல் விளிம்பில் பாறையைக் கீறினார். கீழே பாதை, பாடசாலை, விகாரை, பிறகு குளம். குளத்துக்கு ஒரு பக்கம் கழுத்துப் போல வளைந்து ஒடுங்கியது. அந்தக் கழுத்திலிருந்து ஓடை. பாடசாலை முற்றத்தில், ஷெல் விழும்போது பிள்ளைகள் ஒளித்த பதுங்குகுழி. பிறகு பென்சிலை அழுத்தி மூன்று புள்ளிகள் வைத்தார். ஒன்று அத்தான், மூங்கில் குருத்து வெட்டப் போனவர். ஒன்று அயலவரின் மாடு. ஒன்று பெயர் தெரியாத ஒரு சிப்பாய்.

நான் பையிலிருந்து பழைய படத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. பிறகுதான் விளங்கியது. வீட்டு வாசலில் நின்றால் பாறை விளிம்புப் பக்கம்தான் முன்னால் தெரியுமாம். அதனால் அவர் தெற்கை மேலே வைத்துக் கீறியிருந்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். குளம், கழுத்து, ஓடை, விகாரைக் குறி, எல்லாம் அந்தந்த இடத்தில் வந்து நின்றன. விபத்துப் படிவங்களை எடுத்தேன். அத்தானும் மாடும் இரண்டு படிவங்களில் இருந்தார்கள். சிப்பாயைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

தாளின் அடியில் பெயரையும் திகதியையும் எழுதிக் கையெழுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். வைத்தால் தம்பிக்குத் தெரிந்துவிடும் என்றார். ஆனாலும் வைத்தார்.

காத்திருந்த நாட்கள்

திங்கள் காலை ராக்ன்ஹில்டின் மேசையில் நொய் கீறியது, பழைய படத்தாள், எங்கள் படம் என மூன்று தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அளவுகோலை எடுத்துத் தானே அளந்தார். உடனே தொலைபேசியை எடுத்தார். கந்தோரின் பிழை என்று நிறுவனத்திடம் சொன்னார். ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை.

அங்கிருந்து வந்த முதல் பதில் என்னை இருந்த இடத்தில் இருக்கவிடவில்லை. கூட்டம் புதன்கிழமைதான். ஆனால் ஆட்கள் கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. போன வாரமே கத்தியோடு மேலே போய்ப் பற்றை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். உழவு இயந்திரம் ஒன்றும் பேசி வைத்திருக்கிறார்களாம். களக் குழு அந்த ஊரிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது.

திங்கள் பின்னேரம் மெட்ரோவில் என் தரிப்பைத் தவறவிட்டு நாலு தரிப்புக்கு அப்பால் போய் இறங்கினேன். செவ்வாய் அன்று தண்ணீர்க் குழாய்ப் படம் ஒன்றில் வேலை செய்யப் பார்த்தேன். ஒரு குழாயை இரண்டு தரம் கீறினேன். வித்யா என் மேசைக்கு ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க நடந்துட்டே இருக்கீங்க அண்ணா, எனக்குத் தலை சுத்துது," என்றாள். கீழே கன்டீனில் நொய் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் பாண் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் நிற்பேன், இன்னும் ஒன்றும் வரவில்லை என்று தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார். தம்பியின் தொலைபேசிக்கு எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எடுத்தாராம். மணி அடிக்கிறது, அவன் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கடிதம் வந்தது. களத் தலைவர் எழுதியிருந்தார். குழு செவ்வாய் மாலை அங்கே போய்ச் சேர்ந்தது. மூன்று பேர் குளத்தின் கழுத்துப் பக்கம் பற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வரச் சொன்னபோது தர்க்கப்பட்டார்கள். வந்த வழியிலேயே திரும்ப நடக்க வைத்துக் கூட்டி வந்தார்கள். புதன் காலை குழுவினர் அவர்கள் வெட்டிய பாதையில் தேடிக்கொண்டு போனார்கள். பாதையின் கரையிலேயே முதலாவது மிதிவெடி இருந்தது. பக்கத்தில் செருப்பு அடையாளம். இடையில் ஒரு சாண் என்று எழுதியிருந்தார். துருப்பிடிக்கும் வகை இல்லை, பிளாஸ்ரிக், இன்னும் வேலை செய்யும் நிலையில். அன்று மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு.

செருப்பு யாருடையது என்று அவர் எழுதவில்லை. ஆனால் வெளியே கூட்டிவரப்பட்ட மூவரில் ஒருவருடைய பெயர் கடிதத்தில் இருந்தது. கீழே போய் அந்தப் பெயரை வாசித்துக் காட்டினேன். நொய் அருகில் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பாணைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே படத்தைத் திருத்தினோம். இரண்டு நொங் வாவும் இருந்தன. தெற்கில் இருந்ததற்குப் பழையது என்று பொருள்படும் சொல்லைத் தாய்லாந்து எழுத்தில் சேர்த்தோம். எழுத்துச் சரியா என்று நொய்தான் பார்த்தார். குளத்தைச் சுற்றிச் சிவப்பு. அந்தப் பகுதி சுத்தமாக நாலு வருடம் பிடித்தது. வித்யா பிறகு ஸ்வீடனில் பெரிய வேலைக்குப் போனாள். இப்போதும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாள்.

நொய் கன்டீனில் இருந்து விலகும் முன் ஒரு நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிழை என்னுடையது, அதற்கு நீங்கள் விலை கொடுத்தீர்கள் என்றேன். காணி கடைசியில் தம்பிக்குக் கிடைத்துவிட்டதாம், மரவள்ளி நட்டிருக்கிறானாம், தன் அக்கா சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்றார். அவன் அன்றிலிருந்து தன்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

"கதைக்காமல் இருக்கட்டும்," என்றார். "நடந்து திரியிறான்."

இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் அது டூப்ளிகேட் என்று முடிவு கட்ட முன், கடைசிப் பத்தி வரைக்கும் போய்த் தூரத்தைப் பாருங்கள். தூரம் கூடியிருந்தால் அந்த ஊரில் பிறந்த ஒருவரைத் தேடுங்கள். கிடைக்கும் வரைக்கும் இரண்டு புள்ளியையும் படத்தில் விட்டுவையுங்கள். படம் அழகாக இருக்காது. தலைவர் கேள்வி கேட்பார். கேட்கட்டும். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு, நான் ஓய்வு பெறும் வரைக்கும், ஒரு ஊர்ப்பெயரையும் நின்ற நிலையில் அழிக்கச் சொன்னதில்லை. கதிரையில் இருந்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.